எல்லாருக்கும் ‘நார்மல்’ என்று வரும் காது டெஸ்ட்

2024 மார்ச் 3, ஞாயிறு, மாலை 6.20. ஒரு வாசகரின் கேள்வி

“எங்கள் மில்லில் வருடத்துக்கு ஒருமுறை வண்டி வந்து காது டெஸ்ட் எடுக்கிறார்கள். ஆறு வருடமாக எனக்கு ‘நார்மல்’. என்னோடு ஷிப்டில் நிற்கும் அறுபது பேருக்கும் ‘நார்மல்’. வீட்டில் டிவி சத்தத்தை ஏற்றி வைப்பதாக மனைவி தினமும் சண்டை. இந்த டெஸ்டே கணக்குக் காட்டத்தான் என்கிறேன். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.”

மார்ச் 3, இரவு 10.40

பாதி மறுக்கிறேன்.

பல்லடம் பக்கம் ஒரு மில்லில் தறிப்பிரிவு ஃபிட்டர் நான். பதினேழு வருடம் ஆகிறது. அதற்கு முன் பள்ளிபாளையத்தில் அப்பா ஓட்டிய விசைத்தறிக் குடோனில் தார் (ஊடை நூல் சுற்றும் குச்சி) சுற்றி வளர்ந்தவன். காது என்ற விஷயம் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் பேசப்படாமலே கிடந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

‘நார்மல்’ என்று எழுதுகிறவர் பெரும்பாலும் 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் என்ற மூன்று சுருதிகளையும் சராசரி பார்க்கிறார். 25 டெசிபலுக்குள் இருந்தால் நார்மல். ஆள் பேசுவது கேட்கிறதா என்று பார்க்கிற கணக்கு அது. தறிச் சத்தம் அங்கே முதலில் கை வைப்பதில்லை. 3000க்கும் 6000க்கும் நடுவில், பெரும்பாலும் 4000-இல் ஒரு குழி விழும். 8000-இல் கோடு மறுபடி கொஞ்சம் மேலே வரும். வயதானால் வருகிற குறைவில் அப்படி மேலே வராது, சரிந்துகொண்டே போகும். ஒவ்வொரு சுருதியும் எத்தனை டெசிபலில் கேட்கத் தொடங்குகிறது என்று கோடு போட்ட தாள்தான் ஆடியோகிராம்; எண் கூடக் கூடக் காது மோசம், கோடு கீழே இறங்கும். அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஃபிட்டருக்கே இது தெரியும், டாக்டர் வேண்டியதில்லை.

ஆகவே முதல் கேள்வி: ஆறு வருடத் தாளில் ஒன்றாவது உங்கள் கையில் இருக்கிறதா? இல்லை, ‘நார்மல்’ என்ற சொல் மட்டும்தானா?

மார்ச் 3, இரவு 11.15

டிவி சண்டை பற்றி ஒன்று விட்டுப்போனது. 4000 போனவருக்குச் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. அ, ஆ, ஊ எல்லாம் கீழ்ச்சுருதி, கனமாக வந்து விழும். க், ச், ட், த், ப் வல்லின ஒலிகள் வெடித்து வருவது மேலே. தட்டு, தப்பு, தச்சு மூன்றும் அவருக்கு ஏறக்குறைய ஒரே சொல். அதனால்தான் “காது கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல” என்பார்கள். டிவியை ஏற்றினால் உயிரெழுத்துதான் இன்னும் கத்தும். மனைவி சொல்வதைப் புகாராக எடுக்காதீர்கள். உங்களுக்கு இதுவரை கிடைத்த ஒரே ஒழுங்கான டெஸ்ட் அதுதான்.

மார்ச் 4, காலை 7.05

ஷிப்ட் முடிந்து எடுத்த டெஸ்டா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். நேரம் ரொம்ப முக்கியம். எட்டு மணி நேரம் தறிக்கு நடுவே நின்றுவிட்டு வெளியே வந்தால் காது அடைத்த மாதிரி இருக்குமே, அந்த நேரம் உண்மையிலேயே கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. ராத்திரி ஓய்வில் பெரும்பகுதி திரும்பிவிடும். அதனால் முதல் டெஸ்ட், அதாவது பிற்காலத்தில் எல்லாவற்றையும் ஒப்பிடப்போகிற டெஸ்ட், குறைந்தது 14 மணி நேரம் சத்தத்தில் இல்லாமல் இருந்து எடுக்க வேண்டும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியில் இந்த 14 மணி நேரம் இருக்கிறது. வார விடுமுறை முடிந்த மறுநாள் காலை, வேலைக்குள் போகும் முன், அதுதான் நல்ல நேரம்.

மார்ச் 6, இரவு 9.50

வண்டியைப் பற்றி. நாங்களும் பார்த்திருக்கிறோம். 2021-இல் ஒரு வண்டி வந்தது. கம்ப்ரசர் ரூமிலிருந்து இருபதடி தள்ளி நிறுத்தினார்கள், அங்கேதான் நிழல். பெட்டிக்குள் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினால் கம்ப்ரசரின் உறுமல் காலடியில் அதிர்கிறது. 500 ஹெர்ட்ஸ் பீப் அந்த உறுமலுக்குள் மூழ்கிப்போகும். ஆளுக்கு மூன்று நிமிடம், ஒரு காலையில் அறுபது பேர். இரண்டு காதுக்கும் ஏழு சுருதியை முறையாகப் பார்க்கப் பத்துப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். மூன்று நிமிடத்தில் என்ன எழுதினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தாள் கையில் தரவில்லை.

2019-இல் எடுத்தது அப்படி இல்லை. கோயம்புத்தூரிலிருந்து ஆடியோமெட்ரி பார்க்கிற ஒரு அம்மா வந்தார். டைம் ஆபீஸ் பின்னால் பஞ்சுக் கட்டு அடுக்கிய ஒரு அறையைத் தானே தேடிப் பிடித்தார். முதலில் டார்ச் வைத்துக் காதுக்குள் பார்த்தார். எங்கள் ஜாபர் (மேஸ்திரி) ஒருவரை அந்த அம்மா திருப்பி அனுப்பிவிட்டார், “அழுக்கு அடைச்சிருக்குங்க, எடுத்துட்டு வாங்க, இப்ப பார்த்தா பொய்தான் வரும்” என்று. ஜாபர் முறைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் எடுத்துவிட்டு வந்தபோது அவர் காது எங்களைவிட நன்றாக இருந்தது. அந்த அம்மா ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம் எடுத்ததில் சூப்பர்வைசருக்குக் கோபம், தறி நிற்கிறது என்று. எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதை இன்றும் குறையவில்லை.

2024 நிலவரப்படி, தொழிற்சாலைச் சட்டம் பிரிவு 87-இன் கீழ் வரும் மாதிரி விதிகளில் அதிக இரைச்சல் வேலைகளுக்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த 14 நாளுக்குள் ஒரு பரிசோதனை, பிறகு 12 மாதத்துக்கு ஒருமுறை. 125-இல் தொடங்கி 8000 வரை ஏழு சுருதிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். மூன்று நிமிடத்தில் அது நடக்காது.

மார்ச் 9, இரவு 11.30

அப்பா கதை.

அப்பா முப்பத்தோரு வருடம் நாடாத் தறி ஓட்டினார். ஒரு ஆளுக்கு ஆறு தறி. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் அடிக்கிற அடி ஒவ்வொன்றும் தனித்தனிச் சுத்தியல் மாதிரி. நிமிடத்துக்கு நூற்றைம்பதுக்குக் குறையாது, அதுவும் ஒரு தறிக்கு. குடோனுக்குள் யாரும் பேசமாட்டார்கள். கட்டைவிரலைச் சுற்றிக் காட்டினால் தார் தீர்ந்தது. இரண்டு விரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ. கழுத்தில் கை வைத்தால் முதலாளி வருகிறார். பத்து வயதில் எனக்கு இதெல்லாம் விளையாட்டு மொழியாக இருந்தது. காது வேலை செய்யாத இடத்தில் பிறந்த மொழி என்று அப்போது தோன்றவில்லை.

கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார். அது ஏறக்குறைய ஒன்றும் தடுக்காது என்று பின்னால்தான் படித்தேன்.

2012 வாக்கில் குமாரபாளையம் அத்தை வீட்டோடு பேச்சு நின்றது. காரணம் எங்களுக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. நாலு வருடம். கோயில் நோம்பிக்குக்கூட அத்தை வரவில்லை. ஊரில் “அண்ணனுக்கு மிதப்பு வந்துருச்சு” என்று அத்தை சொன்னதாகக் காதில் விழுந்தது.

2016-இல் ஈரோட்டில் அப்பாவுக்கு முதன்முறையாக ஆடியோகிராம் எடுத்தேன். அவருக்கு அப்போது 58. வலது காது: 500-இல் 20, 1000-இல் 25, 2000-இல் 40, 4000-இல் 75, 8000-இல் 60. இடது காதும் கிட்டத்தட்ட அதேதான். பார்த்தவர் தாளைத் திருப்பி என்னிடம் காட்டி, “தறியா, பட்டறையா?” என்று கேட்டார். நான் அதுவரை வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். நாலு வருடத்துக்கு முன் ஒரு விசேஷத்தில் வாசலில் பின்னாலிருந்து அத்தை, “அண்ணா, நானும் உங்க கூடவே வண்டியில வரட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். அப்பா திரும்பாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுற்றி நின்ற பங்காளிகள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. தாளில் குழியைக் காட்டி விளக்கினேன். அத்தை ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நான் கூப்பிட்டது அண்ணனுக்குக் கேக்கவே இல்லையா சாமி?” என்று மட்டும் கேட்டார்.

இப்போது அத்தை வந்தால் முதலில் அப்பா தோளைத் தொடுவார், எதிரே உட்காருவார், பிறகுதான் பேச்சு.

மார்ச் 10, காலை 6.30

நேற்று ராத்திரி எழுதாமல் விட்டது. அப்பா எங்களோடு வந்து தங்கிய முதல் வாரம், மே மாதம், வெளியே காற்றுகூட அசையவில்லை. படுக்கையில் இருந்துகொண்டு “சில்வண்டு கத்துது பாரு, மழை வரும்” என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் சொன்னார். எப்போதிருந்து கேட்கிறது என்றேன். “அது எப்பவும் கத்தும்ல?” என்றார். தறியை விட்டு வந்த பிறகும் அவர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அது. நிஜச் சில்வண்டு கத்தும் சுருதியோ அவருக்குப் போய்விட்டது.

உங்கள் காதில் இரைச்சல் இருந்தால் டெஸ்டுக்கு முன் சொல்லுங்கள். பீப் எது, காதுக்குள் ஓடுவது எது என்று குழம்பும். விட்டு விட்டு வரும் பீப் வைக்கச் சொல்லலாம்.

மார்ச் 10, மாலை 4.00

90 டெசிபலுக்குக் கீழே இருந்தால் பயமில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். அந்த 90 எட்டு மணி நேரத்துக்கு. நம் ஊரில் பாதிப் பேர் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நம் விதியின் அட்டவணையில் ஒவ்வொரு 5 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 95-இல் நாலு மணி, 100-இல் இரண்டு மணி, 115-இல் கால் மணி. அதே கணக்கில் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பார்த்தால் எல்லை ஏறக்குறைய 87-க்கு இறங்கும்.

அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் இன்னும் கடுமை. 85-இல் தொடங்கி 3 டெசிபலுக்கே நேரத்தைப் பாதியாக்குகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் நிற்கலாம். நம் அட்டவணைப்படி அதே இடத்தில் இரண்டு மணி நேரம். ஒரே காதுக்கு இரண்டு கணக்கு. நான் கடுமையான கணக்கின் பக்கம். 3 டெசிபல் ஏறினால் சத்தத்தின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, அது இயற்பியல். மற்றது நடைமுறைக்காக விட்டுக்கொடுத்தது.

மார்ச் 10, இரவு 9.15

போன் ஆப் வைத்து அளந்ததில் எங்கள் பிரிவில் 98 முதல் 101 வரை காட்டியது. ஆப்பை நம்பி நிர்வாகத்திடம் போகாதீர்கள், முறையாகச் சரிபார்த்த மீட்டர் வேண்டும். ஆப் இல்லாமலே ஒரு வழி: ஒரு கை நீளத்தில் நிற்கிறவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் 85-ஐத் தாண்டிவிட்டது.

மார்ச் 17, பகல் 1.20

சோமனூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், அவர் குடோனில் ஐந்து பேர், டெஸ்ட் என்ற சொல்லையே கேட்டதில்லை என்று. உண்மைதான். 2024 நிலவரப்படி, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் தொழிற்சாலைச் சட்டத்தின் கணக்கில் அது தொழிற்சாலையே ஆகாது. பிரிவு 85-இன்படி மாநில அரசு நினைத்தால் அங்கேயும் சட்டத்தை நீட்டலாம். சத்தம் அதிகம் இருப்பது பழைய நாடாத் தறியில், டெஸ்ட் நடப்பது காற்றால் நூலை வீசும் புதிய ஏர்ஜெட் தறி மில்லில். இது எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா முப்பத்தோரு வருடத்தில் ஒருநாள்கூட யாராலும் பரிசோதிக்கப்படவில்லை. அப்படிப்பட்டவர்கள் இஎன்டி பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குத் தாங்களே போய் ஒரு தாள் எடுத்து வைப்பதுதான் இன்றைக்கு இருக்கும் வழி.

மார்ச் 17, இரவு 10.00

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: “குறைன்னு வந்தா வேலை போகும், அதனாலதான் எங்காளுக பட்டனைச் சும்மா சும்மா அழுத்துறாங்க.”

தெரியும். பீப் கேட்டால் அழுத்த வேண்டிய பட்டன் அது. டெஸ்ட் எடுப்பவரின் கை கண்ணாடியில் தெரியும், கை அசைந்தால் அழுத்துவது. எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். நானே முதல் வருடம் அப்படி அழுத்தினேன். அதில் எனக்கு வருத்தம்தான்.

மறுபக்கம் இது. 2024 நிலவரப்படி, சத்தத்தால் வரும் காதுக் குறை 1923-ஆம் வருட இழப்பீட்டுச் சட்டத்திலும் 1948-இன் இஎஸ்ஐ சட்டத்திலும் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் இருக்கிறது, தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். ஆனால் நாளைக்கு நீங்கள் கேட்கும்போது “சேரும்போதே இப்படித்தான் இருந்தது” என்று சொன்னால் என்ன காட்டுவீர்கள்? சேர்ந்தபோது எடுத்த தாள் ஒன்றுதான் பதில் சொல்லும். பொய்யாக அழுத்தி வாங்கிய நல்ல தாள் இன்னொரு வகையிலும் கெடுதல்: இறங்கத் தொடங்கிய வருடம் எது என்பதே மறைந்துவிடும்.

ஊனமுற்றோர் அட்டை கிடைக்குமா என்று கேட்டவருக்கு: 2016 சட்டத்தில் பேச்சுச் சுருதிகளில் இரண்டு காதிலும் 60 டெசிபல் போயிருந்தால்தான் ‘கேட்புக்குறை’ என்ற வரையறைக்குள் வரும். அப்பாவின் மூன்று சுருதிச் சராசரி 28. தங்கையின் குரல் கேட்காத மனிதர் சட்டத்தின் வாசற்படிக்குப் பக்கத்தில்கூட இல்லை.

மார்ச் 24, மாலை 5.45

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். ஸ்காட்லாந்தின் டன்டீ சணல் ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே சணல் நெசவாளிகளின் காதைப் பரிசோதித்து 1965-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலையில் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தவர்கள்கூட அதில் உண்டு. 4000 பக்கம் ஏற்படும் இழப்பு முதல் பத்துப் பதினைந்து வருடத்திலேயே வேகமாக நடந்துவிடுகிறது என்பது அதில் தெரிந்த விஷயம். பிறகுதான் அது பக்கத்துச் சுருதிகளுக்குப் பரவுகிறது. எங்கள் பிரிவில் 22 வயதுப் பையன்களுக்கு “சின்னப் பசங்க, இவங்களுக்கு என்ன டெஸ்ட்” என்கிறார்கள். அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

லங்காஷைர் தறிக்காரர்கள் வாயை அகல அகல அசைத்துச் சத்தமில்லாமல் பேசிக்கொண்டார்களாம். பள்ளிபாளையத்துக் கை சைகையின் ஒன்றுவிட்ட அக்கா. கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் 1886-இல் கொதிகலன் செய்யும் நூறு தொழிலாளர்களைக் கடிகாரத்தின் டிக் டிக் ஓசையை வைத்தே சோதித்தார். ஒருவருக்குக்கூடச் சரியான காது இல்லை. மெஷினே இல்லாத காலத்தில் பொறுமையும் ஒரு கடிகாரமும் போதுமாக இருந்திருக்கிறது.

ஏப்ரல் 2, இரவு 10.20

காதில் அடைப்பான் போட்டால் போதுமே, டெஸ்ட் எதற்கு என்ற கேள்வி. அடைப்பான் உண்மையில் தடுக்கிறதா என்று காட்டுவதே டெஸ்ட்தான். மஞ்சள் நுரை அடைப்பானைப் பாதி வெளியே தொங்கப் போட்டிருப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். மெல்லிசாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே பின்பக்கமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் பிடிக்க வேண்டும். சரியாகப் போயிருந்தால் உங்கள் குரல் குடத்துக்குள் பேசுகிற மாதிரி உங்களுக்கே கேட்கும்.

ஃபிட்டர்களுக்கு ஒரு தனித் துன்பம் இருக்கிறது. பேரிங் போகிறதா என்பதைக் காதால்தான் கண்டுபிடிப்போம். அதற்காக அடைப்பானைக் கழற்றிவிடுவோம். நான் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். இப்போது நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் கூட்டில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்துகிறேன், அடைப்பான் போட்டபடியே. எலும்பு வழியாக அரைபடுவது தெளிவாக வரும். சுற்றுகிற பாகத்துக்கு எட்ட நின்று, தளர்ந்த சட்டை இல்லாமல் செய்யுங்கள்.

ஏப்ரல் 12, இரவு 11.50

மூன்று வாரம் கேட்டு ஆபீஸிலிருந்து என் 2019 தாளின் நகல் வாங்கிவிட்டேன். இந்த வருடத் தாளும் வந்தது. இந்த முறை வண்டியைக் கம்ப்ரசர் பக்கம் நிறுத்தவிடவில்லை, நாங்கள் நாலு பேர் சொல்லிக் கேன்டீன் பின்னால் நிறுத்த வைத்தோம்.

வலது காது. 2019: 2000-இல் 10, 3000-இல் 10, 4000-இல் 15. 2024: 15, 20, 30. இரண்டு தாளின் அடியிலும் அதே ஒரு சொல்: ‘நார்மல்’.

இந்த மூன்றின் சராசரி 2019-இல் 11.7, இப்போது 21.7. சரியாகப் பத்து. ஓஷா விதியில் இந்த மூன்று சுருதிச் சராசரி முதல் தாளைவிட 10 டெசிபல் கூடினால் அது கவனிக்கப்பட வேண்டிய மாற்றம், தொழிலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை. இரண்டு தாளையும் கேன்டீன் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே கண்டுபிடித்தேன்.

கேள்வி கேட்டவருக்கு மார்ச் 3-இல் சொல்ல நினைத்து ஒழுங்காகச் சொல்லாதது இதுதான். தனித்தனியாக இரண்டு தாளும் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் வைத்தால்தான் வாயைத் திறக்கின்றன.

ஏப்ரல் 15, காலை 6.10

நேற்று முழுவதும் இதையே யோசித்தேன், சித்திரை முதல் நாளும் அதுவுமாக. கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேனோ. ஐந்து வருட வயதுக்கு ஓரிரண்டு டெசிபல் கழித்தால் பத்துக்குக் கீழே வந்துவிடும், அப்படிக் கழிக்க ஓஷாவே அனுமதிக்கிறது. அதோடு ஒரே ஆளை அடுத்தடுத்த நாள் எடுத்தாலே 5 டெசிபல் முன்பின் வரும். 30 நாளுக்குள் மறுபடி எடுத்து உறுதிசெய்யும் வழி இருக்கிறது. சொந்தக் காசில் எடுக்கப்போகிறேன், கதவு மூடினால் சத்தமே வராத அறை உள்ள இடத்தில்.

மே 6, திங்கள், இரவு 8.30

எடுத்தேன். சனி, ஞாயிறு தறிப் பக்கம் போகவில்லை, இன்று காலை முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். வலது காது 15, 20, 30. மாறவில்லை. இடது 10, 15, 25. 8000-இல் இரண்டும் 15-க்கு ஏறி வருகின்றன. குழி இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவின் 2016 தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் கோட்டின் வடிவமும் இதேதான், என்னுடையது இன்னும் ஆழமாகவில்லை. அப்பாவும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு, என் பையில் அடைப்பான் டப்பா இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

மே 6, இரவு 9.10

இழையைத் தொடங்கியவருக்கு: ஆறில் மூன்று தாள் கிடைத்ததாக எழுதியிருந்தீர்கள். 2018 தாளை விடாதீர்கள், அதுதான் உங்கள் முதல் தாள். எழுத்தில் கேளுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கிடைத்ததும் 2000, 3000, 4000 மூன்று எண்களையும் இங்கே போடுங்கள், கூட்டிப் பார்ப்போம். 3000 எழுதப்படவில்லை என்றால் 4000 மட்டுமாவது.